கதையில் வைத்த பெயர்

நான் எழுதிய முதல் கதையில் மனைவியை அடிக்கிற ஒரு கணவன் வருவான். அவனுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. எங்கள் வயதுக்காரர்களில் தெருவுக்கு மூன்று பேருக்காவது இருந்த பெயர் ஒன்றை எடுத்து வைத்தேன். அவ்வளவு பொதுவான பெயரை யாரும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது என் கணக்கு. லண்டனில் வெளிவருகிற ஒரு சிற்றிதழில் கதை அச்சானது. இரண்டு மாதம் கழித்து, கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் கணவரின் பெரியப்பா மகன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அவருக்கும் அதே பெயர்.

கதையை எழுதும்போது அவர் என் நினைவில் இருக்கவேயில்லை. அதைச் சொல்லலாம் என்று தொலைபேசி எடுத்தேன். அவருடைய மனைவிதான் பேசினார்.

"நீங்கள் வேற ஆரையோதான் எழுதினீங்கள் எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா இவர் அதை வாசிச்சுப்போட்டு ரெண்டு நாளா ஒண்டும் கதைக்கேல்லை. அதை நான் என்னெண்டு எடுக்கிறது?"

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் கதைத்துவிட்டு வைத்துவிட்டார். என் கணவர் அன்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உமக்கு வேற பேர் கிடைக்கேல்லையே?"

அதன்பிறகு சில வருடங்கள் பெயர் இல்லாமலே எழுதினேன். அவன், அவள், மூத்தவர், கடைக்காரர், மாடிவீட்டுக்காரி. அது ஒரு உத்தி என்று சிலர் பாராட்டினார்கள். உண்மையில் அது பயம். கடைசியில் அந்தச் சிற்றிதழின் ஆசிரியர் ஒரு கதையைத் திருப்பி அனுப்பினார். "இதிலை நாலு அவள் வாறா. எந்த அவள் அழுகிறா எண்டு எனக்கே விளங்கேல்லை" என்று தொலைபேசியில் சொன்னார். வாசித்துப் பார்த்தேன். எனக்கும் விளங்கவில்லை. மறுபடி பெயர்களுக்குத் திரும்பவேண்டி வந்தது.

இந்தமுறை சில விதிகளை வைத்துக்கொண்டேன். உறவில் இருக்கிற பெயர் கூடாது. அயலில் இருக்கிற பெயர் கூடாது. முக்கியமாக, வேலைத்தலத்தில் காண்கிற பெயர் கூடவே கூடாது.

நான் தெற்கு லண்டனில், நோர்பரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மருத்துவர்கள் அனுப்புகிற சீட்டுகளைப் பார்த்து மருந்தை எடுத்து, பெயர் ஒட்டி, பையில் போட்டு வைப்பது என் வேலை. நாள் முழுவதும் என் கண்ணுக்குக் கீழே பெயர்கள்தான் ஓடும். அதில் எங்கள் ஆட்களின் பெயர்களைப் பார்த்தாலே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். லிங்கம், நாதன் என்று முடிந்தால் எழுபதுக்கு மேல். இரத்த அழுத்த மாத்திரை. மலர், தேவி என்று முடிந்தால் அறுபதைத் தொடுகிறவர்கள், முழங்கால் வலி. போராளி இயக்கம் ஊரை ஆண்ட காலத்தில் பிறந்தவர்களுக்குச் சுத்தத் தமிழில் நீளமான பெயர்கள் இருக்கும், கடையில் யாராலும் உச்சரிக்க முடியாது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டே அசை. வெள்ளைக்கார ஆசிரியைக்கு வாயில் நுழையவேண்டும் என்று தாய் தகப்பன் யோசித்து வைத்தவை. ஒரு பெயருக்குள் ஊர், சமயம், பிறந்த ஆண்டு, பெற்றோரின் ஆசை எல்லாம் மடிந்து கிடக்கும். கதைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய நோயும் அச்சாகி இருக்கிறது. அதனால் நான் அவற்றைத் தொடுவதில்லை.

எங்கள் கடைக்கு மருந்துப் பெட்டிகள் காலையில் ஒருமுறை, மத்தியானத்துக்குப் பிறகு ஒருமுறை வரும். அந்த வேனை ஓட்டி வந்தவர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட. நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். முதல் ஒரு வருடம் எங்களுக்குள் பேச்சு "ரெண்டு பெட்டி குறையுது", "பின்னேரம் வரும்" என்ற அளவில்தான் இருந்தது. ஒருநாள் அவர் நீலப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, அந்தப் புத்தகத்திலை கதை எழுதினது நீங்களோ?"

சாமான் வாங்கப் போன கடையில் அந்தச் சிற்றிதழ் கிடந்ததாம். என் படமும் போட்டிருந்தார்கள். ஓம் என்றேன்.

"கதை நல்லது. ஆனா ஒரு பிழை. உங்கட கதையிலை அந்தத் தாய் மகனை ஏசிப் பேசேக்கை முழுப்பேரையும் சொல்லிப் பேசுறா. அது ஞானஸ்நானப் பேர். பாதர் கூப்பிடுற பேர். எங்கட வீடுகளிலை ஒரு தாயும் அப்பிடிப் பேசமாட்டா."

அந்தக் கதையில் நான் ஒரு மன்னார்க் குடும்பத்தை எழுதியிருந்தேன். கத்தோலிக்கப் பெயர் என்றால் ஒரு புனிதரின் பெயர், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வேறு பெயர் உண்டு, அது தமிழாகவும் இருக்கலாம், வெறும் செல்லச் சத்தமாகவும் இருக்கலாம், பள்ளிக்கூடத்துக்கு மூன்றாவது ஒன்றும் இருக்கலாம் என்பதை அவர்தான் எனக்கு விளக்கினார். வேன் வெளியே, வாகனம் நிறுத்தக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் நின்றுகொண்டிருந்தது.

அதிலிருந்து நான் அவரிடம் கேட்கத் தொடங்கினேன். அறுபது வயதுப் பெண், கணவன் மீன்பிடிகாரர், என்ன பெயர் இருக்கும்? பெட்டிகள் வந்து சேர்ந்ததற்கு நான் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் இரண்டு மூன்று சொல்லுவார். சிலவேளை மத்தியான முறையில் வந்து, "காலமை சொன்னது சரிவராது, அது வாத்திமாரின்ர குடும்பங்களிலைதான் வைக்கிறது" என்று திருத்துவார். எனக்கு அது மிகவும் உதவியாக இருந்தது.

ஒரு ஒக்டோபர் கடைசியில், இறந்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்களின் திருநாளுக்கு முந்திய கிழமை என்று நினைக்கிறேன், அவர் ஒரு பெயரை நான் கேட்காமலே தந்தார்.

"இது என்ர தம்பியின்ர பேர்," என்றார். "இதையும் எங்கையாவது போடுவீங்களோ?"

அந்தத் தம்பி இருபத்துநாலு வயதில் ஒரு காலை சைக்கிளில் டவுனுக்குப் போனவன். திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. இப்போது இருந்தால் ஐம்பத்திரண்டு. தாய் ஊரில் இருக்கிறார். மரண அத்தாட்சி எடுங்கள் என்று சொல்லி வந்தவர்களை அவர் வாசலோடு அனுப்பியவர்.

"இப்ப கோயிலிலை செத்தவையின்ர பேர் எல்லாம் எழுதிக் குடுப்பினம், பூசையிலை வாசிக்கிறதுக்கு. அம்மா அதிலை இவன்ர பேரைக் குடுக்கக் கூடாது எண்டவ. சரி. உயிரோட இருக்கிற ஆக்களுக்கு நேர்ச்சை வைக்கிறம். அதிலை இவன்ர பேரைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. இப்ப அவன்ர பேர் ஒரு இடத்திலையும் இல்லை, தங்கச்சி. ஒரு கதையிலையாவது இருக்கட்டும்."

"என்ன மாதிரி ஆளா?"

"எப்பிடியும் இருக்கட்டும். சாகக் கூடாது. சண்டையும் அதுக்குள்ளை வரக் கூடாது. வயசு போகோணும். அவ்வளவுதான்."

நான் உடனே ஒத்துக்கொண்டேன். அது சுலபமான வேலை என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நான் நோர்பரியில் சுவர் ஒட்டிய இரண்டு வீடுகளைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் எங்கள் ஆள். பின்வளவில் கொட்டில் ஒன்று கட்டுகிறார். அது வேலியைத் தாண்டி ஒரு சாண் அடுத்த வீட்டுக்குள் போய்விடுகிறது. அடுத்த வீட்டுக் கிழவர் கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதுகிறார். எங்கள் ஆளுக்கு அதுவரை பெயர் வைக்கவில்லை. வயதும் ஐம்பது சொச்சம். பொருந்தியது.

ஞாயிறு காலையில் குசினி மேசையில் இருந்து எழுதுவது என் வழக்கம். அந்த ஞாயிறு பெயரை எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரி போகவில்லை. மற்றப் பெயர்களை நான் வைத்தால் அந்த ஆள் என் கைக்குள் வந்துவிடுவான். பொய் சொல்ல வைக்கலாம், வேலியைத் தாண்ட வைக்கலாம். இந்தப் பெயரை வைத்தவுடன் அவன் வேலியைத் தாண்ட மறுத்தான். மூன்று கிழமைகளில் அவன் அடுத்த வீட்டுக் கிழவருக்குப் புட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறவனாகவும், பனியில் அவருடைய வாசலைக் கூட்டிக் கொடுக்கிறவனாகவும் ஆகிவிட்டான். கொட்டிலையே கட்டவில்லை.

என் கணவர் வாசித்தார். "இந்தாள் ஆர்? சாமிப்படம் மாதிரி நிக்கிறார்" என்றார்.

அவர் சொன்னது சரி. மறுநாள் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்கட தம்பியைப் பற்றிக் கூடாத விசயம் ஏதும் சொல்லுங்கோ அண்ணை. நல்லவரை வைச்சு எனக்கு எழுத ஏலாமல் கிடக்கு."

அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெட்டி ஒன்றின் மேல் குந்தி இருந்துவிட்டார். அவர் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அவன் ஒரு கள்ளன்," என்றார். "என்ர உடுப்பைக் கேக்காமல் போட்டுக்கொண்டு போவான். கேட்டால் தன்ரை எண்டு சத்தியம் பண்ணுவான். கரம்போட் விளையாடேக்கை கண்ணுக்கு முன்னாலை காயை ஒளிப்பான். கோயில் பாட்டுக் குழுவிலை சேர்ந்தவன். பாடத் தெரியாது. அங்கை பெட்டையள் நிக்கிறதாலை சேர்ந்தவன். மீன் பொரிச்சால் மற்றாக்களுக்குத் தெரியாமல் சினையை எடுத்துத் திண்டிடுவான். அம்மா என்னைத்தான் பேசுவா."

இன்னும் நிறையச் சொன்னார். உள்ளே இருந்து எங்கள் மருந்தாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். கடைசியில் எழும்பும்போது அவர் முகம் நன்றாக இருந்தது. "கன நாளைக்குப் பிறகு அவனை ஏசிப் பேசினது" என்றார்.

அதன்பிறகு கதை ஓடியது. அவன் கொட்டிலைக் கட்டினான். வேலியைத் தாண்டினான். அளந்து காட்டியபோது அந்த ஒரு சாண் தன்னுடையது என்று மாதாமேல் சத்தியம் செய்தான். வீதியில் கிழவர் கார் விடுகிற இடத்தில் தன் காரை விட்டுவிட்டு யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தான். தலைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் போய் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினான். நல்ல கதையாக வந்தது என்று எனக்கே பட்டது. எப்போதும் அப்படி எனக்குப் படுவதில்லை.

அச்சுக்கு அனுப்பமுன் ஒரு பிரதியை டிரைவரிடம் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து ஒரு மத்தியானம், நாலாக மடித்த தாள்களை எடுத்து, கவுண்டரில் வைத்தார்.

"இந்தச் சாயம் பூசுறது பிழை," என்றார். "அப்பாவுக்குச் சாகும்வரைக்கும் நரைக்கேல்லை. எனக்கும் பாருங்கோ, நரை இல்லை. அவனுக்கும் நரைச்சிராது."

அவர் தலையைப் பார்த்தேன். உண்மைதான். சாயத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"பிள்ளையள் இல்லையோ?"

கதையில் மனைவி மட்டும்தான் இருந்தார். பிள்ளைகள் வந்தால் கதை வேறுபக்கம் போய்விடும் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். விளங்கிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டு பிள்ளையாவது வேணும்," என்றார்.

"ரெண்டு ஏலாது அண்ணை. ஒண்டு பாக்கிறன். யூனிவர்சிட்டிக்குப் போயிட்டுது எண்டு வைக்கலாம். வீட்டிலை நிக்காது."

"பெட்டைப்பிள்ளை," என்றார். அப்படியே முடிந்தது. மகளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை.

கதை வெளிவந்தது. அவர் சிற்றிதழில் பத்துப் பிரதி வாங்கி, ஒன்றை ஊருக்குப் போன ஒருவரிடம் தாய்க்குக் கொடுத்துவிட்டார். தாய்க்கு எண்பத்துநாலு வயது, கண்ணாடி போட்டு வாசிப்பார் என்று சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தடுக்க எனக்கு என்ன உரிமை. ஃபாரஸ்ட் கேட் அண்ணருடைய வீட்டில் நடந்ததுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இந்த முறை தெரிந்தே வைத்த பெயர்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் வந்து, பெட்டிகளை அடுக்கி, கையெழுத்தும் வாங்கிவிட்டுச் சொன்னார்.

"அம்மா வாசிச்சவ. ரெண்டு தரம் வாசிச்சவவாம். அவனை அப்பிடியே எழுதியிருக்காம் எண்டு சொன்னவ. கொட்டில் விசயத்திலை அவனிலைதான் பிழையாம்."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

அவர் கையெழுத்துத் தாளைச் சட்டைப்பையில் வைத்தார். "கதை எண்டு அவவுக்குத் தெரியும், தங்கச்சி. புத்தி நல்லா வேலை செய்யுது. ஒண்டுதான் கேட்டவ. 'கதையிலை அவனுக்குத் தாய் இல்லையோ' எண்டு."

வீட்டுக்கு வந்து கதையை எடுத்துப் பார்த்தேன். பதினாறு பக்கம். அவனுடைய மனைவி, கிழவர், கவுன்சில்காரர், பாட்டுக்குழுத் தலைவி, யூனிவர்சிட்டிக்குப் போன மகள், கிழவருடைய நாய்கூட இருந்தது. தாய் எங்கேயும் இல்லை. செத்துவிட்டார் என்றும் எழுதவில்லை, ஊரில் இருக்கிறார் என்றும் எழுதவில்லை. ஐம்பத்திரண்டு வயது மகன் ஒருவன் லண்டனில் சுகமாக இருந்து வேலிச்சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறான், தாயை ஒருநாளும் நினைக்கவில்லை, தொலைபேசி எடுக்கவில்லை. நான் அதை வேண்டுமென்று செய்யவில்லை. தேவைப்படாததால் யோசிக்கவில்லை. அது எழுதுகிறவருடைய சாதாரணக் கவனக்குறைவு. வேறு எந்த வாசகரும் கவனித்திருக்கமாட்டார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை. கணவர் கடையில் ரொட்டி வாங்கி வந்தார்.

இரண்டு வருடங்களில் கதைகள் தொகுப்பாக வந்தன. அதற்குக் கொடுக்கும்போது இந்தக் கதையில் நாலு வரி சேர்த்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவன் தாய்க்குத் தொலைபேசி எடுக்கிறான். கொட்டில் கட்டி முடித்ததைச் சொல்கிறான். வேலியைப் பற்றிச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று தாய் கேட்கிறார். அவ்வளவுதான். தொகுப்பைப் பார்த்த சிற்றிதழ் ஆசிரியர் அந்த நாலு வரியும் கதையில் ஒட்டவில்லை, வெளியே இருந்து கொண்டுவந்து சொருகியது போல் இருக்கிறது என்றார். அவருக்குக் கண் கூர்மை. அந்த வரிகளை நான் எடுத்துவிடவில்லை.

இதற்கிடையில் விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. இரண்டு மூன்று பேர் என்னிடம் பெயர் கொண்டுவந்தார்கள். ஆர்ச்வே முருகன் கோயிலில் தேர் பார்க்க நின்றபோது அறிமுகமில்லாத ஒரு பெண் வந்து, தன் மச்சாளின் பெயரைக் கெட்ட பாத்திரம் ஒன்றுக்கு வைக்க முடியுமா என்று கேட்டார். இன்னொருவர் தன் இறந்துபோன நண்பனின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார். ஒருவருக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் துண்டுத் தாளை மட்டும் எறியாமல் வைத்திருக்கிறேன், ஏனென்று தெரியாது.

புத்தகமும் மன்னாருக்குப் போனது. டிரைவர் அப்போது வேறு பாதைக்கு மாற்றப்பட்டிருந்தார். எங்கள் கடைக்குப் புதிதாக ஒரு ருமேனியப் பெண் பெட்டி கொண்டுவந்தாள். ஒரு லீவு நாளில் அவர் வேன் இல்லாமல், தன் மனைவியின் சீட்டுக்கு மருந்து எடுக்க வந்தார். வரிசையில் நின்று தன் முறை வரும்வரை காத்திருந்தார்.

"அம்மாவுக்குச் சந்தோசம்," என்றார். "ஆனா அந்த நேரம் சரிவராதாம். இஞ்சை பன்னிரண்டு எண்டால் அங்கை பின்னேரம். அந்த நேரம் அவ செபமாலைக்குக் கோயிலிலை நிப்பா. போன் வீட்டிலை கிடக்கும். அவன் எடுத்தாலும் ஆக்கள் இல்லை."

"புத்தகம் அடிச்சு முடிஞ்சுது அண்ணை. அடுத்த பதிப்பிலைதான் மாத்தலாம்."

"அடுத்த பதிப்பு எப்ப வரும்?"

தமிழில் ஒரு கதைத் தொகுப்புக்கு அடுத்த பதிப்பு எவ்வளவு அரிது என்று அவருக்குச் சொன்னேன். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். மருந்துப் பையை எடுத்து, பெயரைச் சரிபார்த்து, அவரிடம் கொடுத்தேன். அவர் பையைத் திறந்து மாத்திரையைப் பார்த்தார்.

"அப்ப நான் அவவிட்டைச் சொல்லுறன்," என்றார். "அவன் காலமை எட்டு மணிக்குத்தான் எடுத்தவன், கதை எழுதின தங்கச்சிதான் நேரத்தைப் பிழையா எழுதிப்போட்டா எண்டு."

சரி என்றேன். அடுத்தவர் சீட்டை நீட்டினார்.